எந்த ஏழரை?

அப்பா காலை ஐந்தரைக்கு போன் பண்ணினால் இரண்டே காரணம்தான். சொந்தத்தில் யாரோ போய்ச் சேர்ந்திருப்பார்கள், இல்லை மோட்டார். போன சித்திரையில் வந்தது இரண்டாவது வகை.

"த்ரீ பேஸ் வந்து முக்கால் மணி ஆச்சு கண்ணு. மொதல்ல மோட்டார் ஓடுச்சு, தண்ணி சொட்டு சொட்டா வந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. பட்டனை அமுக்குனா உம்முனு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

ஓசூரில் பேனல் போர்டு செய்யும் பட்டறையில் எனக்குப் பதினான்கு வருட வேலை. ஊரார் மோட்டாருக்கெல்லாம் பெட்டி கட்டிக் கொடுக்கிறவன். என் அப்பாவின் மோட்டார் கொட்டாயில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெட்கத்தோடு வண்டியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் கூட்டமில்லை. எங்கள் நிலம் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில். எட்டு மணிக்கெல்லாம் கொட்டாயில் நின்றேன்.

காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்ததும் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. எழுநூறு அடிக்குக் கீழே ஏழரை ஹெச்பி மோட்டார் எரிந்துவிட்டிருந்தது. மோட்டார் தூக்குகிற வண்டிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். பல்லி முட்டை, எறும்பு மண், ஒரு பழைய சாமி படம். அதற்குக் கீழே மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் மூன்று காண்டாக்டர், ஒரு டைமர், அளவுக்கு மேல் ஆம்பியர் ஓடினால் மோட்டாரை நிறுத்துகிற ஒரு ரிலே. ரிலே மட்டும் புத்தம் புதுசு. அதன் முகத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு திருகு. சுற்றிலும் 9, 11, 13, 15 என்று எண்கள். அம்புக்குறி 14-ல் நின்றது.

கதை இந்த 14-ல்தான் இருக்கிறது.

மோட்டாரின் தகட்டில் 14 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கிறது. ஐப்பசி மழையில் இடி விழுந்து பழைய ரிலே போனபோது ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து புதுசு போட்டார். தகட்டைப் படித்தார், 14-ல் வைத்தார். நேர்மையான வேலைதான். ஆனால் எங்கள் பெட்டி ஸ்டார் டெல்டா, மோட்டாரை இரண்டு கட்டமாகக் கிளப்புகிற வகை. அதில் ரிலே உட்கார்ந்திருக்கும் இடம் வேறு.

ஸ்டார் டெல்டாவில் மோட்டாருக்கு ஆறு ஒயர் போகும். கிளம்பும்போது மோட்டாருக்குள் இருக்கும் மூன்று காயிலின் வால்களையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது ஸ்டார். ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் 240 வோல்ட்தான் கிடைக்கும். ஓட்டம் பிடித்ததும் டைமர் முடிச்சை அவிழ்த்து, ஒரு காயிலின் வாலை அடுத்த காயிலின் தலையோடு சேர்க்கும். அது டெல்டா, முழு 415. பெரும்பாலான பெட்டிகளில் ரிலே இருப்பது மெயின் காண்டாக்டரின் கீழே, காயிலுக்குப் போகும் வழியில். லைனில் வரும் 14 ஆம்பியர் அந்த இடத்துக்கு வருவதற்குள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நேர்பாதியாக அல்ல, மூன்றின் வர்க்கமூலத்தால், அதாவது 1.732-ஆல் வகுத்தால் வருவது. 14-க்கு 8.1, ஏறக்குறைய 58 சதவீதம். ரிலேயின் கண்ணுக்குத் தெரிவது அந்த 8.1 மட்டும்தான்.

அதை 14-ல் வைத்தால்? லைனில் 24 ஆம்பியர் ஓடினாலும் ரிலே 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று உட்கார்ந்திருக்கும். இன்னொரு கொடுமை, அந்த ரிலேயின் மிகக் குறைந்த அளவே 9. திருகை எவ்வளவு இறக்கினாலும் 8-க்கு வராது. வாங்கியிருக்க வேண்டியது 6 முதல் 10 வரை உள்ளது. கடையில் இரண்டும் ஒரே பெட்டி, ஒரே நிறம்.

மோட்டார் மேலே வந்ததும் பம்ப்பைக் கழற்றினார்கள். உள்ளே மணல். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் இறுகிக்கொண்டு, மோட்டார் மூச்சைப் பிடித்து இழுத்திருக்கிறது. 18, 20 ஆம்பியர் போயிருக்கும். சரியான அளவில் வைத்த ரிலே என்றால் முதல் சில நிமிடத்திலேயே தட்டி மோட்டாரை நிறுத்தியிருக்கும். அப்பா மணலைச் சுத்தம் பண்ணுவதோடு செலவு முடிந்திருக்கும், காயில் கட்டும் வேலை வந்திருக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எல்லா ஸ்டார் டெல்டா பெட்டியிலும் 58 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கக் கூடாது. சில பெட்டியில் ரிலேயை லைனிலேயே, பிரிவதற்கு முன்பே மாட்டியிருப்பார்கள். அங்கே முழு 14 தான் சரி. டி.ஓ.எல். (டைரக்ட் ஆன் லைன்) பெட்டியிலும் முழு 14 தான், அதில் பிரிவே கிடையாது. ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டி.ஓ.எல். என்றதும் நினைவு வருகிறது. நேராக லைனில் போடுகிற அந்தப் பச்சை சிவப்புப் பட்டன் பெட்டியை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதன் மேல் மரியாதை. கெட்டுப்போவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. குறை ஒன்றுதான், கிளம்பும் நொடியில் மோட்டார் தன் சாதாரண மின்சாரத்தைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு இழுக்கும். எங்கள் 14 ஆம்பியர் மோட்டார் என்றால் தொண்ணூறு, நூறு. ஸ்டார் டெல்டா அதை மூன்றில் ஒரு பங்காக்கும். ஆனால் இழுவைத் திறனும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பம்ப்புக்கு அது போதும், மெதுவாகச் சுற்றும் பம்ப் பெரிதாக எதிர்க்காது. வாய் நிறையக் கரும்பைக் கவ்விக்கொண்டு நிற்கும் ஆலைக்குப் போதாது. ஸ்டாரில் முனகிக்கொண்டே நிற்கும், டைமர் டெல்டாவுக்குத் தள்ளியதும் டி.ஓ.எல். மாதிரியே ஒரு உதை விடும். ஒயரும் காண்டாக்டரும் கூடுதலாக வாங்கியதுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இல்லாத கொட்டாய் அரிது. த்ரீ பேஸ் நடுராத்திரி வந்தாலும் தானே போட்டுக்கொள்ளும், இப்போது போனிலிருந்தே போடுகிறார்கள். வசதிதான். ஆனால் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருபது கொட்டாய் இருந்தால், கரண்ட் வந்த அதே நொடியில் இருபதும் ஆறு மடங்கு இழுத்தால் என்ன ஆகும்? ஃபியூஸ் போகும். அப்புறம் லைன்மேனுக்கு போன். ஆட்டோ பெட்டிக்குள் ஒரு தாமத நேரத் திருகு இருக்கிறது. அதை ஒவ்வொருவரும் வேறு வேறு அளவில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் போனதும் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும். நடுவில் உள்ள வால்வு கசிந்தால் பம்ப் பின்பக்கமாகச் சுற்றும். அந்த நேரத்தில் மோட்டாரை முன்பக்கம் உதைத்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு போகும். மூன்றில் இரண்டு பேஸ் மட்டும் வரும் டூ பேஸ் நேரத்தில் கண்டென்சர் வைத்து ஓட்டுகிற வித்தையைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதற்காக, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற சிங்கிள் பேஸ் பிரிவென்டரைக் கழற்றி வைத்தவர்களின் மோட்டார்கள் என்ன கதிக்கு ஆளாகின என்பதைக் காயில் கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி ரிலேக்கு வருகிறேன். அம்புக்குறி எண்ணைத் தவிர அதில் இன்னொரு எண்ணும் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. கிளாஸ் 10, கிளாஸ் 20 என்று. சிலவற்றில் 10ஏ. இந்த 10ஏ-யைப் பார்த்து "பத்து ஆம்ப்ஸ் ரிலேங்க" என்று விற்ற கடைக்காரரைப் பார்த்திருக்கிறேன். ஆம்பியருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது நொடிக் கணக்கு. வைத்த அளவைப் போல் 7.2 மடங்கு ஓடினால், கிளாஸ் 10 ரிலே 4 முதல் 10 நொடிக்குள் தட்ட வேண்டும். 10ஏ என்றால் 2 முதல் 10 நொடிக்குள். கிளாஸ் 20-க்கு 6 முதல் 20 நொடி. கிளாஸ் 30 அரை நிமிடம்வரை பொறுக்கும். கனமான சக்கரம் சுற்றும் அரவை மெஷின், பெரிய மின்விசிறி இதெல்லாம் ஓட்டம் பிடிக்க நேரமெடுக்கும், அதற்குப் பொறுமையான ரிலே வேண்டும். போர்வெல் மோட்டார் நேர்மாறு. ஒல்லி உடம்பு, உள்ளே இரும்பும் தாமிரமும் கொஞ்சம், பக்கவாட்டில் ஓடும் தண்ணீரை நம்பி வாழ்வது. சிக்கிக்கொண்டு நின்றால் சில நொடியில் சூடேறிவிடும். அதற்கு 10-க்கு மேல் போகவே கூடாது. அப்பா பெட்டியில் அதுவாவது சரியாக இருந்தது.

இந்த எண் குழப்பத்தை முதன்முதலில் எனக்குக் கற்றுக்கொடுத்தது பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் யூனிட். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கல் தூக்கும் கிரேனுக்கும் தண்ணீர் பம்ப்புக்கும் ஒரே ஹெச்பி மோட்டார், அதனால் ஒரே காண்டாக்டரை நாங்களே போட்டுக் கொடுத்திருந்தோம். பம்ப்பில் இருந்தது அசையாமல் ஓடியது. கிரேனில் இருந்தது மூன்றாம் மாதமே ஒட்டிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் வெள்ளிப் பொட்டுகள் அம்மை போட்ட முகம் மாதிரி. முதலாளி எங்களைத் திட்டினார், நாங்கள் தயாரித்தவரைத் திட்டினோம். கடைசியில் ஒரு பெரியவர், பட்டறையின் பழைய சூபர்வைசர், கிரேன் ஓட்டுகிற பையனின் பக்கத்தில் போய் அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தார். "தம்பி, அவன் பட்டனைத் தட்டித் தட்டித்தான் கல்லை எறக்குறான். நீ என்ன மோட்டார் ஓட்டுறதுக்கா குடுத்த, மத்தளம் வாசிக்கவா?" என்றார்.

காண்டாக்டரின் விலாவில் இரண்டு மூன்று வரி பொடி எழுத்தில் இருக்கும். ஒரே சாமானில் ஏ.சி.-1 என்றால் 25 ஆம்பியர், ஏ.சி.-3 என்றால் 9 ஆம்பியர். ஏமாற்று வேலை இல்லை. ஏ.சி.-1 ஹீட்டர் மாதிரி சாதுவான சுமைக்கு. ஏ.சி.-3 மோட்டாருக்கு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. கிளம்பும்போது ஆறு மடங்கு மின்சாரத்தைச் சேர்க்கும், ஓட்டம் பிடித்தபிறகு ஒரு மடங்கை மட்டுமே துண்டிக்கும் என்ற கணக்கு. தட்டித் தட்டி ஓட்டுகிறவன் ஆறு மடங்கு ஓடும்போதே கையை எடுக்கிறான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தீப்பொறி வில். அந்த வேலைக்குத்தான் ஏ.சி.-4 என்று தனி வகை, அதன் கணக்கில் சேர்ப்பதும் ஆறு, துண்டிப்பதும் ஆறு. ஐ.இ.சி. 60947 என்ற சர்வதேசத் தரநிலையில் இருக்கிற இந்தப் பாகுபாட்டைப் படித்து பரீட்சையில் எழுதியவன் நான். பெரியவர் படிக்கவில்லை, போய் நின்று பார்த்தார். அன்றிலிருந்து யார் பெட்டி கேட்டாலும் எத்தனை ஹெச்பி என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதல் கேள்வி, மணிக்கு எத்தனை முறை போட்டு நிறுத்துவீர்கள்.

ஓசூரில் ஒரு கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய மெஷின் வந்தது. அதன் பெட்டியில் ஆம்பியரே பெரிதாகப் போடவில்லை, 'சைஸ் 1' என்று மட்டும். சட்டை அளவு மாதிரி. அங்கே நீமா என்று வேறு முறை. சைஸ் 1 என்றால் 27 ஆம்பியர், 460 வோல்ட்டில் 10 ஹெச்பி வரை. அந்த 10 ஹெச்பி மோட்டார் அங்கே இழுப்பது 14 ஆம்பியர்தான், ஆனாலும் கிட்டத்தட்ட இரட்டிப்பு உடம்போடு செய்து வைத்திருக்கிறார்கள். யார் எப்படி ஓட்டுவார்களோ தெரியாது, தாங்கட்டும் என்று. நம்முடைய ஐ.இ.சி. முறை வேலையைத் தெரிந்துகொண்டு அளவெடுத்துத் தைப்பது. கையளவு சாமான், விலையும் குறைவு, ஆனால் அளவெடுக்கிறவன் ஒழுங்காக எடுக்க வேண்டும். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், கிரேனுக்கு அமெரிக்காக்காரன், மற்றதுக்கெல்லாம் நம்மது.

தலைப்பில் உள்ள கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். ஏழரை ஹெச்பி என்று யாராவது சொன்னாலே என் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார், சனி பகவானை நினைத்து. அவர் மகன் கடத்தூர் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறான். ஆலை மோட்டார் 10 ஹெச்பி. போன வருடம் ஆன்லைனில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வி.எஃப்.டி. டிரைவ் வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "மோட்டார் தகட்டுல 7.5 போட்டிருக்கு, டிரைவ்லயும் 7.5. கரெக்டாத்தானே வாங்கியிருக்கேன்? கட்டு கொஞ்சம் பெருசா விட்டா நின்னுடுதுடா."

முதல் ஏழரை: அப்பாவின் மோட்டார், ஏழரை ஹெச்பி. ஒரு ஹெச்பி 746 வாட். ஆக அது 5.5 கிலோவாட். இரண்டாவது ஏழரை: பெரியம்மா மகனின் மோட்டார், 7.5 கிலோவாட், அதாவது 10 ஹெச்பி. இந்த இரண்டையும் மாற்றிப் படித்து வாங்குகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது எங்கள் பட்டறைக்கு வருவார்கள். அவன் அதில் தப்பித்துவிட்டான். மாட்டிக்கொண்டது மூன்றாவது ஏழரையில்.

டிரைவின் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு வரி இருந்தது. லேசான வேலைக்கு 7.5 கிலோவாட், 17 ஆம்பியர். கடினமான வேலைக்கு 5.5 கிலோவாட், 13 ஆம்பியர். விற்றவர்கள் பெரிய எண்ணை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டார்கள். ஒரே டிரைவ்தான், உள்ளே இருக்கிற சிலிக்கானும் ஒன்றுதான். லேசான வேலை என்றால் பெரும்பாலும் 110 அல்லது 120 சதவீதம் வரை ஒரு நிமிடம் தாங்கும். விசிறி, பம்ப் இதற்குப் போதும். கடினமான வேலை என்றால் 150 சதவீதம் ஒரு நிமிடம். கரும்பு ஆலை, கன்வேயர், கல் உடைப்பது எல்லாம் இந்த வகை. கரும்புக் கட்டு குறுக்கே சிக்கும்போது மோட்டார் ஒன்றரை மடங்கு கேட்கும், டிரைவ் 'நான் அதற்கு வந்தவன் இல்லை' என்று கையை விரித்துவிடும். அவனுக்கு வேண்டியிருந்தது கடின வரியில் 7.5 என்று போட்டிருக்கும் டிரைவ், கடைத் தலைப்பில் அது 11 என்று இருக்கும்.

"அப்ப இதை என்ன பண்றது?" என்றான். வாங்கி வைத்த டிரைவ் 5.5 கிலோவாட் கடின வேலைக்குச் சரி, ஏழரை ஹெச்பி மோட்டார் எவனாவது வைத்திருந்தால் விற்றுவிடு என்றேன். பெரியம்மா பின்னாலிருந்து, "ஏழரையை வாங்கிக்க யாருடா வருவாங்க" என்றது போனில் கேட்டது.

வி.எஃப்.டி. போட்டால் கரண்ட் பாதியாகும் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. விசிறிக்கும், சுற்றி வரும் தண்ணீருக்கும் உண்மை. வேகம் 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்கினால் மோட்டார் கேட்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், வேகத்தின் முப்படியில் அது குறைவதால். ஆனால் போர்வெல்லில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். பம்ப் தூக்கும் உயரம் வேகத்தின் இருபடியில் குறைகிறது. 40 ஹெர்ட்ஸில் எழுநூறு அடி பம்ப் நானூற்று ஐம்பது அடிக்குத்தான் தள்ளும். மோட்டார் ஓடும், மீட்டர் குறையும், தண்ணீர் வாய்க்காலுக்கு வராது. எங்கள் ஊரில் சோலார் பம்ப் போட்டவர்கள் காலை ஏழு மணிக்கு "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று சொல்வதும் இதனால்தான். அதன் கன்ட்ரோலர் கெட்டுப்போகவில்லை. வெயில் ஏறி, வேகம் ஏறி, தண்ணீர் மேலே எட்டிப் பார்க்கும் அந்த எல்லையை அது இன்னும் தாண்டவில்லை.

அக்கா மகன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பைத்தியம். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தொழிற்சாலை இருக்கிற மாவட்டத்தில் அது தொற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "மாமா, இது ஆறு கிலோவாட்டு" என்பான். எத்தனை நொடிக்கு என்று கேட்பேன். அங்கேயும் இதே கதைதான். உச்ச சக்தி வேறு, விடாமல் கொடுக்கும் சக்தி வேறு. லைசென்ஸ் வேண்டாத சின்ன வண்டிக்குச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 250 வாட்கூட 30 நிமிட சக்தி என்ற கணக்கில்தான், வேகம் 25 கிலோமீட்டருக்குள். பேட்டரி ஆம்பியர், மோட்டார் ஒயரில் ஓடும் ஆம்பியர் என்று அதில் இரண்டு தனி எண் வேறு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான்காம் நாள் மோட்டார் காயில் கட்டி வந்தது. இறக்கும்போது மெக்கானிக் அண்ணனும் வந்திருந்தார். நான் 6-10 ரிலே வாங்கிப் போயிருந்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். எனக்கு முதன்முதலில் டெஸ்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒன்றும் சொல்லாமல் கிளாம்ப் மீட்டரை மட்டும் கையில் கொடுத்தேன். மெயின் ஒயரில் மாட்டினார், 13.6. ரிலேக்குக் கீழே போகும் ஒயரில் மாட்டினார், 7.8. மறுபடி மேலே, மறுபடி கீழே. மீட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு பீடியைக் காதில் செருகிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை அவரே எடுத்துத் திருகை 8-க்குக் கொண்டுவந்தார்.

"தம்பி, இந்த சீசன்ல மட்டும் இந்த மாதிரி ரிலே ஆறு மாத்தியிருக்கேன்" என்றார். "எந்தெந்தக் கொட்டாய்னு எனக்கு ஞாபகம் இருக்கு. வண்டிய எடு."